மிஃபா முதல் பிஜே சிட்டி வரை: நம் சமுதாயத்தில் பிறந்த ஒரு காற்பந்துக் கழகத்தின் கதை

ஜொகூரில் காற்பந்து என்றதும் ஜேடிடி பெயர்தான் முதலில் வரும். 2014-இல் தொடங்கி சூப்பர் லீக் பட்டத்தை விடாமல் வைத்திருக்கும் குழு அது. அதே ஜேடிடியின் வேர், 1972-இல் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் பெயரில் தொடங்கிய பிகேஇஎன்ஜே என்ற சிறிய குழுவில் இருக்கிறது. பெரிய குழுக்களும் ஒரு காலத்தில் கீழ் நிலையில் ஆடியவைதான்.

அப்படியானால் நம் இந்தியச் சமுதாயத்தில் பிறந்த ஒரு கழகம் நாட்டின் உயர்நிலை லீக்கில் ஆடியிருக்கிறதா? ஆடியிருக்கிறது. 2019 முதல் 2022 வரை நான்கு பருவங்கள் ஆடியது. இன்று பள்ளித் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காற்பந்து புதிதல்ல. காலையில் பிரட்டு, பிறகு வெட்டு, பால் நிறுத்து முடிந்து வீடு திரும்பியதும் மாலையில் திடல். அந்த மண்ணிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியபோது எம். சந்திரன் தற்காப்பில் நின்றார். அங்கு அமெரிக்காவை 3-0 என வென்றோம். கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை இரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தார்கள். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோது 2010-இல் மலேசியா சுசுகி கிண்ணத்தை வென்றது. ஜேடிடி 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற காலத்தில் எஸ். குணாளன் அக்குழுவில் இருந்தார்.

இவர்கள் பெயர் பெற்றது மாநிலக் குழுக்களிலும் தேசியக் குழுவிலும். தேர்வு செய்பவரின் கண்ணில் பட்டவருக்கு வாய்ப்பு கிடைத்தது. படாதவர் தோட்டத் திடலோடு நின்றுவிட்டார். சமுதாயத்திற்கென்று ஒரு கழகம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதுதான் அடிப்படை.

மலேசிய இந்திய விளையாட்டு மன்றமும் மிஃபா எனப்படும் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து நடத்திய குழு, எம்ஐஎஸ்சி-மிஃபா என்ற பெயரில் களம் இறங்கியது. அதன் ஏற்றத்தைப் புரிந்துகொள்ள அன்றைய படிநிலையை அறிய வேண்டும். உச்சியில் சூப்பர் லீக், அடுத்து பிரிமியர் லீக், அதற்குக் கீழே எஃப்ஏஎம் லீக். கீழிருந்து மேலே போக ஒவ்வொரு பருவமும் ஆடி வென்றாக வேண்டும்.

மூன்றாம் நிலையில் ஆடிய மிஃபா 2017-இல் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. இரண்டே பருவங்களில், 2019-இல், சூப்பர் லீக்குக்கு வந்தது. அப்போதுதான் பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி, சுருக்கமாக பிஜே சிட்டி என மாறியது. கே. தேவன் பயிற்றுநர், கிளானா ஜெயா எம்பிபிஜே அரங்கம் சொந்தத் திடல். குழுவில் எல்லா இனத்தவரும் ஆடினார்கள். இந்திய இளைஞர்களுக்கும் உயர்நிலையில் இடம் கிடைத்தது. கோகிலேஸ்வரன் ராஜ் இக்கழகத்தின் வழியாகவே பரவலாக அறியப்பட்டார்.

2021-இல் பி. மணியம் பயிற்சியில் கழகம் துணிச்சலான ஒரு முடிவெடுத்தது. மற்ற குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, பிஜே சிட்டி முழுக்க உள்நாட்டு ஆட்டக்காரர்களோடு ஆடியது.

ஆனால் 2022 பருவம் முடிந்ததும் கழகம் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. உயர்நிலைக் குழு ஒன்றை நடத்துவது எளிதல்ல. ஆட்டக்காரர் சம்பளம், பயண, தங்கும் செலவு, அரங்க வாடகை, உரிம நிபந்தனைகள் என்று பட்டியல் நீளும். அதே காலத்தில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்கள் சம்பள பாக்கிச் சிக்கலால் 2023-க்கான உரிமம் பெற முடியாமல் போயின.

இந்த இடத்தில் தொலைதூரத்துக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா மாநிலத்தில், பார்சிலோனா நகரின் கிராசியா வட்டாரத்தில் 1907-இல் தொடங்கிய கழகம் ‘சிஇ யூரோப்பா’. வெள்ளைச் சட்டையில் நீல நிற ‘வி’ பட்டை அதன் அடையாளம். 1923-இல் ஸ்பெயின் கிண்ண இறுதியாட்டம் வரை வந்து, அத்லெட்டிக் பில்பாவோவிடம் ஒரே கோலில் தோற்றது. 1929-இல் லா லீகா தொடங்கியபோது அதில் இருந்த பத்துக் குழுக்களில் ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு யூரோப்பாவும் ஒன்று. 1931-இல் கீழே இறங்கியது. அதன்பின் முதல் நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஆனாலும் கழகம் சாகவில்லை. ஏறக்குறைய நூறாண்டாகக் கீழ் நிலைகளில் ஆடிக்கொண்டே இருக்கிறது. அண்டை வீட்டார் உறுப்பினராகிச் சந்தா கட்டுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அதே கழகத்தின் இளையோர் குழுக்களில் ஆடுகிறார்கள். அடுத்த தெருவில் உலகப் புகழ் பெற்ற பார்சா இருந்தும், கிராசியா மக்கள் தங்கள் திடலுக்கு வருகிறார்கள்.

பிஜே சிட்டி ஆடிய நான்கு பருவங்களில் நாம் எத்தனை பேர் அரங்கத்துக்குப் போனோம்? சட்டை வாங்கினோமா? ஜொகூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா தூரம்தான். ஆனால் அதன் ஆட்டம் லார்க்கினிலோ இஸ்கண்டார் புத்ரியிலோ நடந்தபோதாவது போய்க் கைதட்டினோமா? குறையை நிர்வாகத்தின் மீது மட்டும் சுமத்த முடியாது.

பாதை இன்னும் அடைபடவில்லை. சூப்பர் லீக்குக்குக் கீழே ஏ1 செமி-புரோ லீக் உண்டு. அதற்கும் கீழே ஏ3 சமூக லீக்குகள் உண்டு. ஊர்க் குழு ஒன்று பதிவு செய்து ஆடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். குளுவாங்கிலோ சிகாமாட்டிலோ கூலாயிலோ ஒரு தோட்டக் குழு இருந்தால், முதலில் தேவைப்படுவது முறையான பதிவு, மாதச் சந்தா கட்டும் உறுப்பினர்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, கணக்கைக் கூட்டத்தில் படித்துக் காட்டும் ஒரு பொருளாளர். சூப்பர் லீக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அடுத்த ஞாயிறு உங்கள் ஊர்த் திடலில் ஆட்டம் இருந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.