ஆப்பிரிக்க சிங்கிள் ஒரிஜின் காப்பி: கொட்டையைத் தேர்ந்தெடுத்தலும் வீட்டில் சுவைத்தலும்

சிங்கிள் ஒரிஜின் காப்பி என்பது பல ஊர்க் கொட்டைகளைக் கலக்காமல், ஒரு நாட்டின் ஒரு வட்டாரத்திலோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ, ஒரு தோட்டத்திலோ விளைந்த கொட்டைகளை மட்டும் வறுத்து விற்கப்படும் காப்பியாகும். ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா, கென்யா, ருவாண்டா, புருண்டி, தான்சானியா ஆகிய நாடுகளின் அராபிக்கா காப்பி இவ்வகையில் பெயர் பெற்றது. இதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் ஸ்பெஷாலிட்டி என்ற அடைமொழி, பயிற்சி பெற்ற சுவைஞர்கள் 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் அளித்த காப்பியைக் குறிக்கப் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது.

இக்காப்பியை முதன்முதலில் வாங்குபவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். கென்யக் காப்பியின் புளிப்பை வாயில் உணர்ந்ததும் கொட்டை கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவிடுகின்றனர். மாறாக, உண்மையிலேயே பழுதுபட்ட கொட்டையின் வாடையை அந்த ஊரின் தனிச்சுவை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். விலை சாதாரணக் காப்பியைப் போலப் பல மடங்கு என்பதால், எது இயல்பு, எது பழுது என்று பிரித்தறிவது பயனுள்ளது. அதற்குக் கூர்மையான நாக்கைவிடக் கொட்டையின் பின்னணி அறிவே முதலில் வேண்டும்.

எத்தியோப்பியா

அராபிக்கா காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளாகும். அங்கு காப்பிக்குப் பெயர் புன்னா. உலகின் பிற நாடுகளில் பயிராகும் அராபிக்கா பெரும்பாலும் மிகச் சில செடிகளின் வழிவந்தது. எத்தியோப்பியாவிலோ ஒவ்வொரு மலைச்சரிவிலும் வேறுவேறு நாட்டு வகைகள் உள்ளன. பொதியின் மேல் ஹெயர்லூம் என்று அச்சிட்டிருந்தால், பெயரிட்டு வகைப்படுத்தாத நாட்டு வகைகளின் கலவை என்று பொருள் கொள்ளலாம். 74110, 74112 போன்ற எண்கள் இருந்தால், அவை ஜிம்மா வேளாண் ஆய்வு மையம் தேர்ந்தெடுத்த வகைகள். 1970-களின் தொடக்கத்தில் காப்பிப் பழநோய் பரவியபோது, அதைத் தாங்கும் தாய்ச்செடிகளைத் தேடிக் கண்டெடுத்தவை அவை. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 1974-ஆம் ஆண்டைக் குறிக்கின்றன.

எத்தியோப்பியக் காப்பியின் சுவையைப் பெரிதும் தீர்மானிப்பது பதப்படுத்தும் முறை. வாஷ்ட் எனப்படும் கழுவிய முறையில் பழத்தின் தோலை நீக்கி, கொட்டையில் ஒட்டியுள்ள பசையைப் புளிக்கவைத்துக் கழுவி, பின் உலர்த்துவர். இர்காசெஃபே வட்டாரத்தின் கழுவிய காப்பி மெலிந்த தேநீரைப் போன்ற உடலும், எலுமிச்சைத் தோல், மல்லிகை ஆகியவற்றை நினைவூட்டும் மணமும் கொண்டது. நேச்சுரல் எனப்படும் உலர்முறையில் பழத்தை முழுதாகவே கால் வைத்த உயரமான வலைப்பந்தல்களில் பரப்பிப் பல நாள் வெயிலில் காயவைப்பர். பழச்சதை கொட்டையைச் சுற்றியே உலர்வதால் கனிந்த பழத்தின் இனிப்பும் மணமும் ஓங்கி நிற்கும். ஒரே கிராமத்தின் கழுவிய காப்பியையும் உலர்முறைக் காப்பியையும் அடுத்தடுத்துக் குடித்தால், இரண்டும் வெவ்வேறு நாட்டுக் காப்பி என்றே பலர் சொல்வர். ஆகவே எத்தியோப்பியக் காப்பி வாங்கும்போது ஊர்ப்பெயரைவிட முதலில் பார்க்கவேண்டியது வாஷ்ட்டா, நேச்சுரலா என்பதே.

ஊர்ப்பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 2005-இல் எத்தியோப்பிய அரசு இர்காசெஃபே, சிடாமோ, ஹரார் ஆகிய பெயர்களை அமெரிக்காவில் வணிகக் குறிகளாகப் பதிய விண்ணப்பித்தது. அமெரிக்கக் காப்பி வணிகர்களின் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துடனும் பூசல் எழுந்து, 2007-இல் உடன்பாட்டில் முடிந்தது. ஒரு பெயரை விற்றுக் கிடைக்கும் கூடுதல் பணத்தில் அந்த ஊர் உழவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதே அப்பூசலின் உட்பொருள். பின்னர் 2008-இல் தொடங்கிய எத்தியோப்பியச் சரக்குச் சந்தையில் காப்பி வட்டாரம், தரம் வாரியாகச் சேர்த்து விற்கப்பட்டதால், எந்தக் கழுவு நிலையத்துக் கொட்டை என்பது வாங்குபவருக்குத் தெரியாமல் போனது. 2017-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. இன்று பொதிகளில் கழுவு நிலையத்தின் பெயர் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்விவரம் இருக்கும் பொதியை இல்லாத பொதியைவிட நம்பலாம்.

கென்யா

எத்தியோப்பியாவுக்கு அண்டை நாடாக இருந்தும் கென்யாவில் காப்பிப் பயிர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. நியேரி, கிரின்யாகா, முராங்கா, கியாம்பு ஆகிய கென்யா மலையைச் சுற்றியும் ஆபர்டேர் மலையடிவாரத்திலும் உள்ள பகுதிகள் பெயர் பெற்றவை. சிறு உழவர்கள் பறித்த பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் கழுவு நிலையத்தில் கொடுப்பர். அந்நிலையத்துக்கு அங்கு ஃபேக்டரி என்றே பெயர். எனவே கென்யப் பொதியில் உள்ள தனிப்பெயர் பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் பெயரன்று, நூற்றுக்கணக்கான உழவர்களின் பழம் வந்துசேரும் ஃபேக்டரியின் பெயர்.

கென்யாவின் தனிச்சுவைக்கு எஸ்எல்28, எஸ்எல்34 ஆகிய வகைகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இவை 1930-களில் ஸ்காட் ஆய்வகங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. முதல் இரண்டு எழுத்துகள் அவ்வாய்வகப் பெயரின் சுருக்கம். நோய் தாங்கும் ருயிரு 11 வகை 1985-இலும், பாட்டியன் வகை 2010-இலும் வெளியிடப்பட்டன. சுவைக்குப் பெயர் பெற்ற எஸ்எல்28 பழநோய்க்கும் இலைத்துரு நோய்க்கும் எளிதில் இரையாகும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்குவதும், மருந்துச் செலவை எண்ணி உழவர் அதைக் கைவிட நினைப்பதும் ஒருங்கே நடக்கின்றன.

கென்யக் காப்பியில் ஏஏ என்ற எழுத்துகளைக் கண்டு உயர்ந்த தரம் என்று எண்ணுவது பரவலான பிழை. ஏஏ, ஏபி, பிபி என்பவை கொட்டையின் அளவையும் வடிவையும் குறிக்கும் சல்லடைக் குறிகள். ஏஏ கொட்டை ஏறத்தாழ 7.2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்கும் பெரிய கொட்டை. ஏபி அதைவிடச் சற்றுச் சிறியது. பிபி என்பது ஒரு பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்த கொட்டை. தமிழ்நாட்டுக் காப்பித்தூள் கடைகளில் பீபெரி என்று கேட்டு வாங்குவதும் இவ்வுருண்டைக் கொட்டையைத்தான். பெரிய கொட்டைகள் சீராக வறுபடும் என்பது உண்மை. ஆனால் ஒரே ஃபேக்டரியின் ஏபி, ஏஏ-யைவிடச் சுவையில் மேலாக இருப்பதும் உண்டு, விலையும் குறைவு. கைக்காசு போட்டு முதன்முதலில் கென்யக் காப்பி வாங்குபவருக்கு ஏபி போதும் என்பேன்.

இதன் புளிப்பு எலுமிச்சையைப் போல மேலோட்டமானதன்று. கறுப்புத் திராட்சை, தக்காளி ஆகியவற்றின் அழுத்தமான புளிப்பும் அடியில் வெல்லத்தின் இனிப்பும் சேர்ந்தது. நாவற்பழம் தின்றபின் நாக்கில் நிற்கும் துவர்ப்பை ஒத்த பின்சுவையும் சில கோப்பைகளில் உண்டு.

ருவாண்டா, புருண்டி

இவ்விரு நாடுகளில் பெரும்பாலும் பூர்பொன் என்ற பழைய அராபிக்கா வகை பயிராகிறது. நல்ல ருவாண்டாக் காப்பி கென்யாவைவிடச் சாந்தமானது. சிவப்பு ஆப்பிள், ஆரஞ்சு, கருஞ்சர்க்கரை ஆகியவற்றின் சாயலுடையது. புளிப்புக்குப் பழகாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். கப் ஆஃப் எக்ஸலன்ஸ் போட்டியை ஆப்பிரிக்காவில் முதன்முதலாக 2008-இல் நடத்திய நாடும் ருவாண்டாவே.

இவ்வட்டாரக் காப்பியில் உருளைக்கிழங்குச் சுவை எனப்படும் பழுது ஒன்றுண்டு. ஆண்டெஸ்டியா என்ற நாற்றப்பூச்சி பழத்தைத் துளைப்பதோடு தொடர்புடையது இது. பழுதுற்ற கொட்டையைக் கண்ணால் பிரித்தறிவது கடினம், வறுத்தாலும் வெளியே தெரியாது. அரைக்கும்போது தோலுரித்த பச்சை உருளைக்கிழங்கின் வாடை குப்பென்று எழும். ஒரே ஒரு கொட்டை ஒரு கோப்பை முழுவதையும் கெடுத்துவிடும். உடல்நலத்துக்குத் தீங்கில்லை. அந்த ஒரு கோப்பைக்கான தூளை மட்டும் கொட்டிவிட்டு, வேறு கொட்டையைப் புதிதாக அரைத்தால் போதும். பொதி முழுவதையும் எறிய வேண்டியதில்லை.

பொதியைப் படித்தல்

வறுத்த தேதி இல்லாத பொதியை வாங்கவேண்டாம். காலாவதித் தேதி அதற்கு ஈடாகாது. மிதமாக வறுத்த கொட்டை வறுத்த முதல் சில நாட்களில் கரியமில வாயுவை வெளிவிடுவதால் சுவை அடங்கியே இருக்கும். ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் குடிப்பது நல்லது. அறுவடைக் காலமும் அச்சிட்டிருந்தால் மேலும் நல்லது. எத்தியோப்பியாவில் அறுவடை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். கென்யாவில் பெரும்போகம் ஆண்டின் கடைசி மாதங்களில். வறுக்காத கொட்டை ஓராண்டுக்கு மேல் கிடந்தால் பழப்புளிப்பு மங்கி, பழைய சாக்கு, அட்டை ஆகியவற்றின் வாடை ஏறும். நேற்று வறுத்ததாகவே இருந்தாலும் அவ்வாடை போகாது.

கடல்மட்டத்திலிருந்து உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். உயரத்தில் இரவுக் குளிர் அதிகம், பழம் மெதுவாகக் கனியும், கொட்டை அடர்ந்து விளையும். எத்தியோப்பியாவின் தென்பகுதியில் 1,800 மீட்டருக்கு மேல் விளைவது சாதாரணம். எனவே அவ்வெண்ணை மட்டும் கண்டு மயங்கத் தேவையில்லை. வறுவலில் லைட், மீடியம் ஆகிய இரண்டே இக்கொட்டைகளுக்குப் பொருந்தும். கருக வறுத்தால் எந்த நாட்டுக் கொட்டையும் ஒரே கசப்பாகிவிடும், ஊர்ப்பெயருக்குக் கொடுத்த பணம் வீண். கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைப்பதே நல்லது. முதல் முறை 100 அல்லது 250 கிராமுக்கு மேல் வாங்கவேண்டாம்.

வீட்டில் சுவைத்தல்

தொழில்முறைச் சுவைஞர்கள் செய்யும் கப்பிங் முறைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு காப்பியைத் தனியாகச் சுவைத்து வருணிப்பது கடினம், இரண்டை ஒப்பிடுவது எளிது. ஆதலால் குறைந்தது இரண்டு காப்பியை எடுத்துக்கொள்ள வேண்டும். கழுவிய எத்தியோப்பியாவும் கென்யாவும் நல்ல இணை.

ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் தலா 11 கிராம் கொட்டையை ரவை பதத்துக்கு அரைத்துப் போட்டு, முதலில் உலர்ந்த தூளை முகரவேண்டும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, டம்ளருக்கு 200 மில்லிலிட்டர் வீதம் ஊற்றவேண்டும். தூள் மேலே மிதந்து ஏடு போலப் படியும். நான்கு நிமிடம் கழித்து, மூக்கை அருகில் வைத்துக்கொண்டு கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை மூன்று முறை தள்ளி உடைக்கவேண்டும். அப்போது எழும் மணமே மிகத் தெளிவானது. மேலே நிற்கும் நுரையையும் தூளையும் அள்ளி எறிந்துவிட்டு, மேலும் ஐந்தாறு நிமிடம் காத்திருந்து, கரண்டியில் எடுத்துச் சத்தத்துடன் உறிஞ்சவேண்டும். காற்றோடு சேர்ந்து உறிஞ்சினால் மணம் மூக்கின் பின்வழியே எட்டும். அடுத்த டம்ளருக்குப் போகுமுன் கரண்டியைக் கழுவவேண்டும்.

பலர் தவறவிடுவது இதற்குப் பின்வரும் பதினைந்து நிமிடத்தை. சூடாக இருக்கும்போது எல்லாக் காப்பியும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். வெதுவெதுப்பாக ஆறும்போதுதான் இனிப்பும் பழச்சுவையும் துலங்கும், பழுதும் வெளிப்படும். நல்ல கென்யக் காப்பி ஆற ஆறத் தெளிவடையும். முற்றிலும் ஆறியபின் குடிக்க முடியாதபடி இருந்தால் அதில் ஏதோ குறை இருக்கிறது.

புளிப்பு இயல்பானதா, தயாரிப்புப் பிழையா என்பதையும் இங்கேயே கண்டறியலாம். இயல்பான புளிப்புடன் இனிப்பும் சேர்ந்து வரும், பழம் தின்றது போல வாய் ஊறும். தூள் பெரிதாக அரைபட்டதாலோ நீர் சூடு குறைந்ததாலோ சாறு முழுதாக இறங்காத காப்பி மெலிந்து, உப்புக் கலந்த வெறும் புளிப்பாக நிற்கும். இன்னும் சற்றுப் பொடியாக அரைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். உலர்முறைக் காப்பியில் சாராய வாடையோ, அழுகத் தொடங்கிய பலாப்பழத்தின் வாடையோ ஓங்கினால் உலர்த்தும்போது அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது என்று பொருள். அதையே விரும்பிக் குடிப்பவர்களும் உள்ளனர் என்பது வேறு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் இக்காப்பிகளின் புளிப்பை அடக்கிச் சுவையைத் தட்டையாக்கும். நீரை மாற்றிப் பாராமல் கொட்டையைக் குறை சொல்லக்கூடாது.

சுவையைக் குறித்துவைக்கும்போது பொதியில் அச்சிட்ட பூ, பழப் பெயர்களைத் தேடவேண்டியதில்லை. 1995-இல் வெளிவந்து 2016-இல் திருத்தப்பட்ட சுவைச் சக்கரம் அமெரிக்கச் சூழலில் உருவானது. பிளாக்கரண்ட் தின்றறியாதவர் நாவல் என்றும் இலந்தை என்றும் எழுதிக்கொள்வதே நேர்மையானது. புளிப்பு எவ்வளவு, இனிப்பு உண்டா, வாயில் நீரா பாலா, பின்சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்ற நான்கு கேள்விகளே தொடக்கத்துக்குப் போதும். டம்ளரின் அடியில் எண் எழுதி இடம் மாற்றி வைக்கச் சொல்லிச் சுவைத்தால் விலையும் பெயரும் நாக்கை ஏமாற்றா.

இவ்வாறு ஆராய்ந்து குடிப்பது விளைந்த நாட்டின் வழக்கமன்று. எத்தியோப்பிய வீடுகளில் விருந்தினர் முன்னேயே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, ஜபெனா என்ற மண்கூசாவில் காய்ச்சி, அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று ஊற்றுவர். சர்க்கரையோ, சில இடங்களில் உப்போ சேர்ப்பதுண்டு. அந்நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய பாதி அங்கேயே குடித்துத் தீர்கிறது. கென்யாவிலோ வீட்டுக்கு வீடு தேநீர்தான், காப்பி பெரும்பாலும் ஏற்றுமதிக்கு.

பாலும் டிகாக்ஷனும்

லைட் வறுவல் கென்யக் காப்பியில் பால் சேர்த்தால் புளிப்பும் பாலும் மோதி, பால் திரியத் தொடங்கியது போன்ற சுவை வரும். தென்னிந்திய ஃபில்டரில் இறக்கும் கெட்டி டிகாக்ஷனில் அப்புளிப்பு இன்னும் குவிந்துவிடும். ஃபில்டரைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் மீடியம் வறுவல் ருவாண்டா அல்லது உலர்முறை எத்தியோப்பியாவைச் சிக்கரி இல்லாமல் இறக்கி, முதலில் வெந்நீர் விளாவிக் குடித்துப் பார்த்து, பிறகு இரண்டாவது டம்ளரில் பால் ஊற்றிக்கொள்ளலாம்.