ஒன்லைன் யாருடையது?

குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே பெண். ஒருநாள் வேலைக்குப் போனவள் இரவு வீடு திரும்பவில்லை.

மிருணாள் சென் 1979-ல் எடுத்த ‘ஏக் தின் பிரதிதின்’ படத்தின் ஒன்லைன் இவ்வளவுதான். அமலேந்து சக்கரவர்த்தியின் சிறுகதையிலிருந்து எடுத்த கரு. கொல்கத்தாவில் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு பழைய வீடு. மணி ஏற ஏற, பெற்றவர்களின் கவலையோடு ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று தேடல் நீள்கிறது. விடிகிற நேரத்தில் அந்தப் பெண், சின்னு, வந்துவிடுகிறாள். எங்கே போயிருந்தாள்? படம் கடைசிவரை சொல்லவில்லை.

இதே ஒன்லைனை வடபழனியில் ஒரு டிஸ்கஷன் ரூமில் வைத்தால் என்ன ஆகும்? கடத்தியவன் யார், இன்டர்வெல் பிளாக் எது, ஹீரோ எப்போது என்ட்ரி என்று அரை மணி நேரத்தில் அதற்குக் கை கால் முளைத்துவிடும். சென் ஓர் இரவைவிட்டு வெளியே போகவில்லை. அதனால்தான் ‘அவள் எங்கே’ என்ற கேள்வி மெல்ல விலகி, ‘இந்த வீடு பயப்படுவது அவளுக்காகவா, அவள் சம்பளத்துக்காகவா’ என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது.

புதுமையான கரு வேண்டும் என்று அலைகிறவர்களுக்குக் கொல்கத்தா சொல்லித்தரும் வழி இது: முதலில் வேலி போடு. ஓர் இரவு, ஒரு ரயில், ஒரு மலை. கதை அதற்குள் கிடந்து தவிக்கட்டும்.

சத்யஜித் ரே நாவல், சிறுகதை எதையும் தொடாமல் தானே கதை எழுதி எடுத்த முதல் படம் ‘கஞ்சன்ஜங்கா’. ஆண்டு 1962. பணக்காரர் ஒருவர் குடும்பத்தோடு டார்ஜிலிங் வந்திருக்கிறார். விடுமுறையின் கடைசி நாள். இத்தனை நாளும் மேகம் மறைத்த சிகரத்தை இன்றாவது பார்த்துவிட வேண்டும். தான் மனத்தில் வைத்திருக்கும் இன்ஜினீயர், இளைய மகளை இன்று பெண் கேட்டுவிட வேண்டும். கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஒன்றுதான், ஏறக்குறைய நூறு நிமிடம். வெயிலில் தொடங்கி, மேகம் கவிந்து, பனி மூடி, மறுபடி வெளிச்சம் வரும்வரை வானிலையையும் கதையோடு சேர்த்தே எழுதியிருந்தார் ரே. கடைசியில் சிகரம் பளிச்சென்று தெரிகிறது. போட்ட கணக்கு எதுவும் பலிக்காத குழப்பத்தில் பெரியவர் அதைக் கவனிக்கவே இல்லை! நான்கு வருடம் கழித்து வந்த ‘நாயக்’ படத்தில் வேலி, டெல்லி போகும் ரயில்.

நம் ஆட்களுக்கும் இது தெரியாததல்ல. ‘கஞ்சன்ஜங்கா’ வந்த அதே 1962-ல்தான் ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தார். ஓர் ஆஸ்பத்திரி செட், ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு. கணவனுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர், மனைவியின் பழைய காதலன். சொல்லும்போதே கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

திரைக்கதை எழுதும் கையை ரே பழக்கிக்கொண்ட விதமும் சுவையானது. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில், ஏதாவது ஒரு நாவல் படமாகப்போகிறது என்று செய்தி வந்தால், தானும் அதற்குத் திரைக்கதை எழுதிவைப்பார். படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சம்பளம் இல்லாத இந்த வேலையை இன்றைய உதவி இயக்குநர்கள் எத்தனை பேர் செய்கிறார்கள்? ‘பாதேர் பாஞ்சாலி’க்கு முழுத் திரைக்கதை என்று ஒன்று கிடையாது, வரைந்த படங்களையும் குறிப்புகளையும் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் கதை சொன்னார். பிறகு கொல்கத்தாக் கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு அவர் கைக்கு வந்தது. வசனம், உடை, செட், இசைக்குறிப்பு எல்லாம் அதற்குள் போயின.

புதிய தலைமுறையிலும் வேலி போடத் தெரிந்தவர்கள் உண்டு. 2014-ல் ஆதித்ய விக்ரம் சென்குப்தா எடுத்த ‘ஆஷா ஜாவோர் மாஜே’யில் மனைவிக்குப் பகல் வேலை, கணவனுக்கு இரவு வேலை. சேர்ந்திருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். வசனம் இல்லாமலே படம் நகர்கிறது. 2012-ல் வந்த ‘கஹானி’, துர்கா பூஜைக் கூட்டத்துக்குள் கணவனைத் தேடி ஒரு கர்ப்பிணியை அனுப்பியது. ஸ்டார் இருந்தால் போதும், கரு எதற்கு என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கல்லாவும் நிறையத்தான் செய்கிறது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. வேலி போட்டு வளர்த்த பயிரை அறுப்பது யார்?

1962-லேயே ரே ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ஒரு கதை எழுதினார், ‘பங்குபாபுவின் நண்பன்’. ஊரே கேலி செய்யும் ஒரு சாதுவான பள்ளி ஆசிரியர், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒருவனைச் சந்திக்கிறார். உலகத்து வேற்றுக்கிரகக் கதைகளில் பெரும்பாலும் யுத்தமும் அழிவும் நடந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவன் நண்பனாக இருந்தால் என்ன என்று கேட்ட கதை. 1967-ல் அந்த எண்ணத்திலிருந்து ‘தி ஏலியன்’ திரைக்கதை பிறந்தது. வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. ஊர்மக்கள் அதை மூழ்கிக் கிடந்த கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் வந்தவனுக்குச் சிநேகிதன் ஆகிறான். ரேயிடம் இந்தக் கருவைக் கேட்டு உற்சாகமானவர்களில், அப்போது கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர்.

ஹாலிவுட் கம்பெனி ஒன்று முன்வந்தது. பெரிய நடிகர்கள் பெயர் அடிபட்டது. சைக்ளோஸ்டைல் பிரதிகள் கைமாறின. பிரதியின் முகப்பில் ரேயின் பெயரோடு இன்னொருவர் பெயரும் உரிமையாளராக ஏறியிருந்தது. படம் எடுக்கப்படவே இல்லை. 1982-ல், வேற்றுக்கிரகவாசியும் பூமிச் சிறுவனும் சிநேகமாகும் ஓர் அமெரிக்கப் படம் உலகத்தையே அள்ளியது. தன் பிரதிகள் அங்கே உலவாமல் அது சாத்தியமாகியிருக்காது என்பது ரேயின் எண்ணம். எதிர்த்தரப்பு மறுத்தது. நடந்தது எதுவோ, வரி வரியாக எழுதிவைத்த ரேக்கே இந்தக் கதி. டீக்கடையில் வாயால் கதை சொல்லிவிட்டு வரும் பையனுக்கு எது காவல்?

சட்டமும் கைகொடுக்காது. டெல்லி நாடகாசிரியர் ஆர்.ஜி. ஆனந்த், பஞ்சாபிக் குடும்பத்துக்கும் மதராசிக் குடும்பத்துக்கும் நடுவே நடக்கும் காதலை ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகமாக எழுதி 1954-ல் மேடையேற்றினார். படமாக்கலாம் என்று சிலரிடம் கதையையும் சொன்னார். பிறகு அதே கருவில் ஒரு படம் வரவே, வழக்குப் போட்டார். 1978-ல் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கருவுக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, அதை எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்றது. ஒரு காதலை ஒருவரே குத்தகை எடுத்துவிடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் முழுச் சுமையும் காசில்லாத எழுத்தாளன் தலையில் விழுகிறது. கரு எவ்வளவு புதிதோ அவ்வளவு சுலபமாக அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிக்குத்தான் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அதனால், சாலிகிராமத்துக்குப் பஸ் ஏறும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்லைனை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காட்சி காட்சியாக எழுதி முடியுங்கள். தேதி போடுங்கள். யாரிடம், என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்திலும் இலக்கியப் படைப்பாகத் திரைக்கதையைப் பதியலாம். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் கட்டணம் 500 ரூபாய்.