மலைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று

உருண்டை உடல், ஊதா நிறத் தோல், சின்னஞ்சிறு கண்கள், பன்றிக்கு இருப்பதுபோல் முன்நீண்ட மூக்கு. ஊதாத் தவளையை முதலில் படத்தில் பார்ப்பவர்கள் இது தவளைதானா என்று கேட்பார்கள். ஆய்வாளர்களாலும் இதை ஏற்கெனவே அறிந்த எந்தக் குடும்பத்திலும் சேர்க்க முடியவில்லை. கேரளத்தின் இடுக்கியில் கிடைத்த இதற்கு 2003-இல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுயிட்டும் புதுக் குடும்பமே வகுத்தார்கள். நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். இதன் தலைப்பிரட்டையோ 1918-லேயே ஆய்வேடுகளில் பதிவாகியிருந்தது.

மரபணுவை ஒப்பிட்டபோது நெருங்கிய உறவு இந்தியாவில் இல்லை. கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருந்தது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் வாரிசுகள் இவை. இத்தனை தொன்மையான கிளை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு இருப்பதே பெரும் பேறு.

ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையான் தின்று கழிக்கும் இந்தத் தவளை, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும். அதனால் இதன் வாழிட எல்லையை அறிவதும் எளிதாக இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும்தான் உண்டு என்று எண்ணியிருந்தார்கள். பிறகு வடக்கேயும் கிடைத்தது.

மலையின் கிழக்குச் சரிவில் கிடைத்ததுதான் நமக்கு முக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் கண்ட ஊதாத் தவளையின் உடலமைப்பு, குரல், மரபணு மூன்றும் இடுக்கித் தவளையிலிருந்து வேறுபட்டன. 2017-இல் அது தனி இனமாக அறிவிக்கப்பட்டது. கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி என்ற பெயர் பெற்றது.

இரண்டையும் பிரித்ததில் மழைக்கும் பங்குண்டு என்கிறார்கள். மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழையில் இணைசேர்கிறது. கிழக்கே உள்ளது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. முகடு ஒன்றுதான், ஆனால் இரு சரிவுகளுக்கும் மழைக்காலம் வேறு.

மேற்குத் தொடர்ச்சி மலை என்றாலே பசுமை கொழிக்கும் மேற்குப் பக்கத்தைத்தான் நினைக்கிறோம். கிழக்குச் சரிவை வறண்ட மழைமறைவுப் பகுதி என்று ஒதுக்கியது நம் தவறு. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021-இல் புலிகள் காப்பகமானது நல்ல செய்தி. ஆனால் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு ஓடும் நீரில் வளரும் இந்தத் தலைப்பிரட்டைகளுக்கு, பாயும் ஓடை வேண்டும். அங்கே ஒரு தடுப்பணைக்குத் திட்டம் போடுமுன், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் அந்த ஓடையை ஒருமுறை ஆய்ந்து பார்க்க வனத்துறையும் நீர்வளத்துறையும் முன்வர வேண்டும்.