கண்ணாடி உணவுக் கலன்களுக்கு நீடித்துழைக்கும் மாற்று மூடிகள்

காவிரிப் படுகையில் சோறே முதன்மை உணவு. தஞ்சாவூர்ப் பகுதி வீடுகளில் நோயாளிக்கெனச் சோறு எடுத்துவைக்கும் கண்ணாடிக் கலன் பல ஆண்டுகள் உழைக்கும். அதன் மூடியே முதலில் பழுதாகும்.

எப்போது மாற்ற வேண்டும்?

மூடியில் விரிசலோ, உடைந்த பூட்டோ, தளர்ந்து கருத்த வளையமோ காணப்பட்டால் மாற்றுங்கள். அவ்விடங்களில் ஈரமும் உணவுத் துகளும் தங்கி நுண்ணுயிரிகள் பெருகும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

• கலனையே பாத்திரக் கடைக்கு எடுத்துச் சென்று மூடியைப் பொருத்திப் பாருங்கள். சதுரக் கலனாயின் மூலை வளைவும் பொருந்த வேண்டும்.

• குவளையும் முள்கரண்டியும் கொண்ட குறியீடு, அப்பொருள் உணவுக்கு ஏற்றது என்பதைக் காட்டும்.

• முக்கோணத்துள் 5 என்ற எண் பாலிபுரோப்பிலீனைக் குறிக்கும். அவ்வகை மூடியின் பூட்டுகள் நாளடைவில் முறியலாம். இழுத்துப் பொருத்தும் சிலிக்கோன் மூடியில் முறிவதற்குப் பூட்டே இல்லை.

• பாதியளவு நீர் ஊற்றி, மூடிக் கவிழ்த்துப் பாருங்கள், கசியக் கூடாது.

மூடி மட்டும் போதுமா?

போதாது. பேசில்லஸ் சீரியஸ் நுண்ணுயிரியின் வித்துகள் சமைத்த சோற்றிலும் எஞ்சக்கூடும். சோற்றை வெளியில் நெடுநேரம் வைத்தால் அவை உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழ் வைத்து, மறுநாளுக்குள் கொடுத்துவிடுங்கள். புதிய மூடி கிடைக்கும்வரை எவர்சில்வர் தட்டால் மூடலாம்.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

முதியோருக்கோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கோ வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.