சாம்பல் நிறத்தின் சூட்சுமம்

ஏழு பங்கு சாம்பல் வர்ணம். ஒரு பங்கு கறுப்பு.

ஏதோ சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறதல்லவா? 1941-ம் வருஷம் பிரிட்டிஷ் விமானப் படையினர் தங்கள் ஸ்பிட்பயர் சண்டை விமானங்களுக்கு வர்ணம் கலந்த கணக்கு இது!

அதற்கு முந்திய வருஷம் அந்த விமானங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் மீதே போரிட்டன. அவற்றின் முதுகில் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தார்கள். மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்கு வயல் எது, விமானம் எது என்று சட்டெனப் புரியாது. 1941-ல் நிலைமை மாறியது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பிரான்ஸ் தேசத்தின் மீது, அதுவும் வெகு உயரத்தில் பறக்க வேண்டியதாயிற்று. கடலுக்கு மேலே பழுப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடுமே! எதிரியின் கண் ஒரு விநாடி ஏமாந்தால் விமானிக்கு உயிர் மிச்சம்.

ஆகவே அந்த ஆகஸ்ட் மாதத்தில் உத்தரவு பிறந்தது. பழுப்பு இருந்த இடத்தில் 'ஓஷன் க்ரே' என்னும் சமுத்திரச் சாம்பல் நிறம். வயிற்றுப் பக்கத்துக்கு அதைவிட வெளிறிய சாம்பல். புது வர்ணம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியுமா? கையில் இருந்த வெளிர் சாம்பல் வர்ணத்திலேயே ஏழுக்கு ஒன்று கறுப்பைக் கலந்து பூசிவிட்டார்கள்.

நிஜ விமானத்துக்கு இது போதும். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இதே மாதிரி வெள்ளையையும் கறுப்பையும் குழைத்து ஸ்பிட்பயர் படம் தீட்டினால், அது ஈரச் சிமெண்டில் வார்த்தது போல் உயிரில்லாமல் நிற்கும். காரணம் என்ன?

ஆகாயத்தில் பறக்கும் விமானம் தன் சொந்த நிறத்தை மட்டுமா காட்டுகிறது? முதுகிலே வானத்தின் நீலம் படிகிறது. வெயில் படும் பக்கத்தில் இளமஞ்சள் ஏறுகிறது. வயிற்றிலே கீழே உள்ள மண்ணோ கடலோ தன் சாயலைப் பூசுகிறது. ஒரே சாம்பலுக்குள் இத்தனை சாம்பல்!

சலவை நீலம் சொல்லும் பாடம்

இதற்கு ஓவியர்கள் கையாளும் வழி வேடிக்கையானது. கறுப்பைத் தொடவே மாட்டார்கள். 'அல்ட்ராமரீன்' நீலத்தையும் 'பர்ன்ட் சியன்னா' என்னும் செம்பழுப்பையும் சேர்த்துக் குழைப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று அடக்கி, கறுப்புக்குச் சமீபமான ஒரு நிறம் பிறக்கும்.

இந்த ரகசியம் உங்களுக்குப் புதிதல்ல, சகோதரிகளே! மஞ்சளேறிய வேட்டியை நீலம் போட்டு வெளுப்பாக்குகிறீர்களே, அதே தந்திரந்தான். மஞ்சளை நீலம் அடக்குகிறது. வெகு காலமாக வேட்டிக்குப் போட்டுவந்த நீலப் பொடியும் இந்த அல்ட்ராமரீன்தான்!

இனி, வெள்ளையைக் கொஞ்சம் தனியே வைத்துக்கொண்டு அதில் இந்தக் கலவையைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். கலவையில் வெள்ளையைக் கொட்டினால் குழாய் முழுவதும் காலியாகும், நிறம் வெளுக்காது. வானம் பார்க்கும் முதுகுக்கு நீலம் சற்று அதிகம். வெயில் படும் இடத்துக்குச் செம்பழுப்பும் வெள்ளையும் அதிகம். நிழலுக்கு வெள்ளை குறைவு. தூரத்தில் பறக்கும் விமானமானால் எல்லா நிறத்தையும் இன்னும் வெளிற வைக்க வேண்டும். நடுவே உள்ள காற்று திரை போட்டுவிடுகிறதல்லவா?

நீர் வர்ணத்துக்கு வெள்ளை வேண்டாம், தண்ணீரே போதும். ஆனால் அது காய்ந்ததும் வெளுத்துவிடும். அக்ரிலிக் வர்ணமோ காய்ந்தால் சற்றுக் கறுக்கும். ஆகையால் ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, உலரவிட்டுப் பார்ப்பது நலம்.

பக்கத்து நிறத்தின் குறும்பு

இன்னொரு சங்கதி. பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரூல் என்ற ரசாயன நிபுணர். கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறதென்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை; பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவுந்தான் கறுப்பைக் கெடுத்தன! ஒரு நிறம் தன் அண்டை நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த விந்தையைப் பற்றி 1839-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்.

ஸ்பிட்பயரில் சாம்பலுக்குப் பக்கத்தில் இருப்பது கரும்பச்சை. பச்சைக்கு அருகே சாம்பல் கொஞ்சம் செம்மையாகத் தெரியும். தட்டிலே குழைக்கும்போது சரியாக இருந்த நிறம் படத்தில் ஏறியதும் ஏமாற்றுவது இதனால்தான். முதலில் பச்சையைத் தீட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே சாம்பலைத் தொட்டு வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது புடவையையும் கையோடு கொண்டுபோய், கடை வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறீர்களே, எதற்காக? செவ்ரூல் கண்டதை உங்கள் கண்ணும் கண்டிருக்கிறது. அடுத்த முறை பிள்ளை வர்ணப் பெட்டியோடு உட்காரும்போது, கறுப்புக் குழாயை வாங்கி வைத்துவிட்டு, இந்தப் பாடத்தை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்!