வலது மூலையைப் பாருங்கள்

2025 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது. பாப்பாவுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போடணும், நாளைக்குக் கடைசி நாள். கடைக்காரர் வைரஸ்ங்கறார், ஃபார்மட் பண்ணணுமாம். நீ ஒரு எட்டு வந்து பாரேன்."

போனேன். வைஃபை இருந்தது, கைபேசியில் எல்லாம் திறந்தது. கணினியில் மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று எச்சரிக்கை வந்து நின்றது. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 2015 ஜனவரி 1. அந்தக் கணக்குப்படி பாப்பா இன்னும் இரண்டாம் வகுப்பு.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம். நாம் போகும் கிட்டத்தட்ட ஒவ்வொரு தளமும், தான் இன்னார்தான் என்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகிறது. அதில் செல்லுபடியாகத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும். நம் பிரவுசர் அந்த நாட்களை ஒப்பிட்டுப் பார்ப்பது கணினியின் கடிகாரத்தோடுதான். இன்று 2015 என்று நம்பும் கணினிக்கு, 2025இல் தந்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கதவை அடைத்துவிடுகிறது. சில பிரவுசர்கள் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று நேராகவே சொல்லும். எச்சரிக்கையைக் கண்ட பதற்றத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

2020 செப்டம்பரில் இந்தச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாகக் குறைந்தது. 2029 மார்ச்சுக்குள் அது படிப்படியாக 47 நாளுக்கு இறங்கப்போகிறது. அப்போது கடிகாரம் இரண்டு மாதம் பிசகினாலே போதும், தளம் திறக்காது.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருப்பதும் இதே வகைப் படிகம்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது ஒரு பட்டன் செல். பெயர் சிஆர்2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கடையில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது தீர்ந்தால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும்.

அந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு. ஆனால் இங்கே ஒரு விஷயம் உண்டு. மேசைக் கணினியை அணைத்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், பவர் சப்ளையிலிருந்து மெல்லிய மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பேட்டரிக்கு வேலை இருக்காது. நம் வீடுகளிலோ ராத்திரி படுக்கும் முன் சுவிட்சை அணைப்பது பழக்கம். சித்தி யூபிஎஸ்ஸையும் சேர்த்தே அணைப்பார். இடி மின்னலுக்கு அது நல்ல பழக்கம்தான், விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரம் முழுக்கக் கடிகாரத்தைச் சுமப்பது அந்தப் பட்டன் செல்தான். ஆகவே நம் வீட்டுக் கணினிகளில் அது சீக்கிரம் தீரும்.

முதலில் தேதியைக் கையால் மாற்றினேன். நேரத்தை மட்டுமல்ல, ஆண்டையும் பார்த்து மாற்ற வேண்டும். வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் கணினி பல நேரம் தானாகத் திருத்திக்கொள்ளாது. மாற்றிய உடனே தளங்கள் திறந்தன. விண்ணப்பத்தை அனுப்பி முடித்தோம். பிறகு தெருமுனைக் கடையில் நூறு ரூபாய்க்குள் ஒரு செல் வாங்கி வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, உடம்பின் நிலைமின்சாரம் இறங்க உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டு, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழைய செல் எம்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்த வேண்டும். மடிக்கணினியில் இது பெரும்பாலும் ஒயரோடு உள்ளே ஒட்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

ஃபார்மட் செய்திருந்தாலும் தேதி மாறியிருக்காது. ஆனால் சித்தப்பாவின் பழைய படங்களெல்லாம் போயிருக்கும். அவர் இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு அப்போது வேறு பிரதியும் இல்லை. என்ன கோளாறு என்று பார்க்காமலே ஃபார்மட் என்று சொல்லிவிடுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அன்றே அந்தப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

கழற்றிய செல்லை மேசைமேல் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். ஈரம் பட்டு மின்னோட்டம் பாய, எதிர்மின்முனைப் பக்கம் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் செல்லும் இதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சித்தி வீட்டில் தவழும் பேரன் ஒருவன் உண்டு. பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.