தூங்கும் புலி, துள்ளும் டால்பின்

மிருகக்காட்சி சாலையில் சலிப்பு, கேளிக்கைப் பூங்காவில் குதூகலம். டிக்கெட் வாங்கியவர் கணக்கு ஒன்று. விலங்கின் கணக்கு வேறு.

பன்னேர்கட்டாவில் கூண்டுக்குள் இருப்பது மனிதர்கள்தான். பெங்களூரை ஒட்டிய இந்த உயிரியல் பூங்காவில், கம்பிவலை பொருத்திய பஸ்ஸில் பயணிகளை ஏற்றிச் சிங்கங்களும் புலிகளும் உலவும் வேலிப்பகுதிக்குள் அழைத்துச் செல்கிறார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்க ஜன்னலுக்குச் சாய்கிறது. பாதையோரம் படுத்திருக்கும் சிங்கம் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான் காட்சி. இருந்தும் இறங்கும்போது எல்லோர் முகத்திலும் திருப்தி.

அதே சிங்கம் அகழிக்கு அப்பால் படுத்திருந்தால் முணுமுணுப்புதான். சென்னையில் 1855ல் தொடங்கிய பழைய மிருகக்காட்சி சாலை நகரத்தின் நடுவே, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கூண்டுகள் சிறியவை; அதனால் விலங்குகள் பார்ப்பவருக்கு வெகு அருகில் இருந்தன. 1985ல் வண்டலூரில் புதிய பூங்கா திறக்கப்பட்டபோது அவற்றுக்குக் கிடைத்தது சுமார் 600 ஹெக்டேர் காடு. மறைந்துகொள்ளப் புதர், ஒதுங்க நிழல் எல்லாம் வந்தன. போனது அந்த நெருக்கம். குழந்தையைத் தோளில் சுமந்து வெயிலில் நடந்து வரும் குடும்பத்துக்குப் பல இடங்களில் காணக் கிடைப்பது புதருக்குள் அசையும் ஒரு வால். மிருகக்காட்சி சாலைகளின் சங்கடமே இதுதான்: விலங்குக்கு நல்லதாக ஆக ஆக, பார்க்க வருகிறவருக்கு அது சப்பென்று ஆகிவிடுகிறது.

கேளிக்கைப் பூங்காக்களில் இந்தச் சங்கடம் கிடையாது. அங்கே விலங்குகளுக்கும் கடிகாரம் உண்டு. இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் போய்வரும் பாங்காக் சஃபாரி வேர்ல்டில் நுழைந்தவுடன் எந்த நேரத்துக்கு எந்த ‘ஷோ’ என்று தெரிந்துவிடும். வெயிலுக்குக் கூரை, உட்கார இருக்கை, காதைப் பிளக்கும் இசை. குறித்த நேரத்தில் டால்பின் தவறாமல் துள்ளும். கொடுத்த காசுக்குக் குறை வைக்காத ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது.

செலவு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. அந்தப் பூங்காவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கையுறை மாட்டிய ஒராங்குட்டான்களின் குத்துச்சண்டை. அவை வந்த வழியைத் தாய்லாந்து அதிகாரிகள் தோண்டியபோது கடத்தல் விவகாரம் வெளிப்பட்டது. 2006ல் 48 ஒராங்குட்டான்கள் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஒராங்குட்டான் குட்டியை உயிரோடு பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தாயைக் கொன்றாக வேண்டும். ‘ஷோ’வில் இதைச் சொல்வதில்லை.

இந்தியா இந்த விஷயத்தில் ஓரளவு முந்திக்கொண்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதற்கு 1991லேயே மத்திய அரசு தடை கொண்டுவந்தது. பின்னர் சிங்கமும் பட்டியலில் சேர்ந்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் நடத்திய சட்டப் போராட்டம் 2001ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சர்க்கஸ் சிங்கங்களும் புலிகளும் வண்டலூர், பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் அமைக்கப்பட்ட மீட்பு மையங்களுக்கு வந்து சேர்ந்தன. அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஆயுள் முழுக்கக் கூட்டத்தின் முன்னால் நின்ற பிராணிகளுக்கு அதுவே பெரிய ஓய்வு.

டால்பின் கதை இன்னும் சோகமானது. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்கா, பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்தது. சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. ஆனாலும் ஆசை விடவில்லை. கொச்சி, மும்பை உள்ளிட்ட இடங்களில் புதிய டால்பின் அரங்குகளுக்குத் திட்டம் தீட்டப்பட்டது. 2013ல் மத்திய அரசு அவற்றுக்கு அனுமதி கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது. டால்பின் எப்போதும் சிரிப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதன் தாடையின் அமைப்பு மட்டுமே. செத்த பிறகும் அது அப்படித்தான் இருக்கும்.

இதனால் மிருகக்காட்சி சாலைகள் தம்மை உத்தமர்களாகக் கருதிக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டத்தை இழுக்கும் வெள்ளைப் புலி தனி இனமே அல்ல. மரபணு மாற்றத்தால் நேர்ந்த நிறம். 1951ல் ரேவா காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற புலியை அதன் மகளோடு இணைசேர்த்து, 1958ல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள். நிறத்தைக் காப்பாற்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்ததில் மாறுகண் உள்ளிட்ட குறைபாடுகள் வந்து சேர்ந்தன. டெல்லியில் சங்கர் என்ற ஆப்பிரிக்க யானையின் கதியும் மோசம். 1998ல் ஜிம்பாப்வே பரிசாக அனுப்பிய அந்த யானை, துணை இறந்தபின் 20 ஆண்டுகளுக்கு மேல் தன் இனத்தில் ஒன்றையும் பார்க்காமல் வாழ்ந்து 2025 செப்டம்பரில் இறந்தது. அங்கே ‘ஷோ’ ஏதும் இல்லை. வேடிக்கை பார்க்க ஆள் மட்டும் குறையவே இல்லை.

பார்வையாளரும் லேசுப்பட்டவர் அல்ல. தூங்கும் முதலை மீது கல்லெறிந்து ‘பொம்மையா, நிஜமா’ என்று சோதிப்பவர்கள் எந்த ஊர்ப் பூங்காவிலும் உண்டு. கேட்டால், காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்பார்கள்.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு காட்சி, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் நடக்கிறது. 1976ல் ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய முதலைப் பண்ணையின் வளாகத்தில், இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறது. இசை கிடையாது, மகுடி கிடையாது. துணியால் வாய் கட்டிய மண் பானைகளில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தொழிலாளி ஒன்றை எடுக்கிறார். சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைக்கிறார். உள்ளே சில மஞ்சள் துளிகள். பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிற சரக்கு அது. யாரும் பார்க்க வராவிட்டாலும் அந்த வேலை நடக்கத்தான் செய்யும். பாம்பு மறுபடி பானைக்குள் போகிறது. சில வாரங்களில் நாலைந்து முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரத்தில் மறுபடி பிடிபட்டால், அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுத் தொடாமல் போய்விடுவார்கள்.